கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை



போன வாரம் பேரன் கைபேசியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு உள்ளங்கையைக் காட்டினான். அது தானாகவே படம் எடுத்தது. "தாத்தா, இதுக்கு என் கை எப்படித் தெரியுது?" என்று கேட்டான். பதில் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. 1880களில் பாரிஸில் மாரே என்ற உடலியல் அறிஞர், ஒருவருக்குக் கறுப்பு உடை போட்டு, கைகால்களின் மேல் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் வைத்து, கறுப்புப் பின்னணியில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். ஆள் மறைந்து, நடை மட்டும் கோடுகளாகப் பதிந்தது.

1973இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹான்சன், இருட்டில் நடப்பவரின் மூட்டுகள் மட்டும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும்படி படமெடுத்தார். படம் அசையாமல் நின்றால் வெறும் புள்ளிகள். அசைந்த உடனே, ஆள் நடக்கிறார் என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நம் கண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளே போதும்.

கணினிக்கு அது எளிதாக வரவில்லை. 1995இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தாட் ஸ்டார்னர், பேச்சை அறியப் பயன்பட்ட கணித முறையைக் கொண்டு அமெரிக்கச் சைகை மொழியின் 40 சொற்களைக் கணினிக்குக் கற்பித்தார். கை தனியாகத் தெரிவதற்காக முதலில் வண்ணக் கையுறை போட வேண்டியிருந்தது. 2010இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் வந்தது. கணினியிலேயே உருவாக்கிய லட்சக்கணக்கான உடற்படங்களைக் காட்டி, எது தோள், எது முழங்கை என்று அதற்குப் பழக்கியிருந்தார்கள். 2019இல் கூகுள் வெளியிட்ட ஒரு முறை, சாதாரணக் கைபேசியிலேயே கையின் 21 புள்ளிகளைக் கண்டுபிடித்தது. அதற்காகச் சுமார் 30,000 படங்களில் மனிதர்கள் உட்கார்ந்து புள்ளி வைத்தார்கள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. சைகை மொழியில் முகமும் இலக்கணம். அமெரிக்கச் சைகை மொழியில் அதே கையசைவோடு புருவத்தை உயர்த்தினால் வாக்கியம் கேள்வியாகிவிடும். ஸ்டார்னரின் கணினி கையை மட்டுமே பார்த்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் காது சரியாகக் கேட்காத பையன் ஒருவன் இருந்தான். அப்போது எனக்கு அது தெரியாது. பாடம் நடக்கும்போது பக்கத்துப் பையனிடம் கையை ஆட்டிக்கொண்டே இருப்பான். சேட்டை என்று நினைத்து, பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். சார் என்ன சொன்னார் என்றுதான் அவன் கேட்டிருக்கிறான். பிறகு அவன் அம்மா வந்து சொன்னார். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தாலே எனக்குப் புரிந்திருக்கும்.

அவனோடு படித்தவர்கள் இதைப் படிப்பீர்கள். யாரென்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே எழுத வேண்டாம். எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்