மாதக் கடைசித் திராட்சை

குளிர்காலம் என்றால் நம்மவர்களுக்கு அது ஒரு கொண்டாட்டம். மார்கழி பிறந்ததும் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, காதையும் சேர்த்து மூடிக்கொண்டு, விடிவதற்கு முன்னால் கோவில் வாசலில் பொங்கலுக்குப் போய் நிற்கிற பட்டணவாசியைப் பார்த்தால் பனிதேசத்துக்காரன் சிரிப்பான். பாதரசம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் நமக்கு அது கடுங்குளிர். நாம் தள்ள முடியாமல் திண்டாடுவது கோடையைத்தான். ஆனாலும் ஐப்பசி அடைமழையில் நாலைந்து நாள் சூரியன் முகமே காட்டாமல் இருந்துவிட்டால், வீட்டில் இருக்கிற நல்ல மனிதர்கள்கூட ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழ ஆரம்பிப்பதை நான் கவனித்திருக்கிறேன். துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை என்பதெல்லாம் வெறும் சாக்கு. வெளிச்சம் இல்லை என்பதுதான் விஷயம். அந்த நாலைந்து நாளை நூறு நாளாக நீட்டி, வாசற்கதவுக்கு வெளியே மனித வாடையே இல்லாத பனிவெளியையும் வைத்துப் பாருங்கள். துருவப் பிரயாணிகளின் குளிர்காலம் அதுதான்.

அந்தப் பிரயாணிகள் எழுதி வைத்த புத்தகங்களைப் படிப்பது எனக்கு வெகு நாளையப் பழக்கம். துருவத்தை யார் முதலில் தொட்டார், எத்தனை மைல் நடந்தார் என்பவற்றில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. நடக்க முடியாத மாதங்களில் என்ன செய்தார்கள் என்பதைத்தான் தேடிப் படிப்பேன். சரித்திர ஆசிரியர்கள் அந்தப் பக்கங்களை அநேகமாகப் புரட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கதை எழுதுகிறவனுக்கு அங்கேதான் தீனி.

முதலில் பாரி என்ற ஆங்கிலக் கப்பித்தானைச் சொல்ல வேண்டும். 1819-ஆம் வருஷம் ஹெக்லா, கிரைப்பர் என்ற இரண்டு கப்பல்களோடு கனடாவுக்கு வடக்கே கடல்வழி தேடிப் போனவர். அப்போது அவருக்கு வயது 28. மெல்வில் தீவில் கப்பல்கள் உறைந்து நின்றுவிட்டன. 94 பேர். நவம்பர் 4-ஆம் தேதி மறைந்த சூரியன் மறுபடியும் தெரிந்தது பிப்ரவரி 3-ஆம் தேதி.

சூரியன் மறைந்த மறுநாள் இவர் செய்த காரியம் என்ன தெரியுமா? நாடகம் போட்டார்! கப்பலின் மேல்தளத்தைத் துணியால் மூடி, மேடை கட்டி, நவம்பர் 5-ஆம் தேதி முதல் நாடகம். நடித்தவர்கள் அதிகாரிகள், பெண் வேஷமும் அவர்களே, கப்பித்தானும் ஒரு வேஷம் கட்டினார். பார்த்தவர்கள் மாலுமிகள். கொட்டகைக்குள்ளேயே தண்ணீர் உறைகிற குளிர். பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு நாடகம். இது போதாதென்று கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் நடந்தது. வானசாஸ்திரியாக வந்திருந்த எட்வர்ட் ஸபைன் அதன் ஆசிரியர். வாரம் ஒன்றாக 21 இதழ்கள். ஊர் திரும்பியபின் 1821-இல் லண்டனில் அதை அச்சிட்டும் விட்டார்கள். நகைச்சுவை என்ற பெயரில் அதில் வந்திருப்பவை பெரும்பாலும் சகிக்க முடியாதவை என்பது என் அபிப்பிராயம். விஷயதானம் செய்யாதவர்களை அந்தப் பத்திரிகை கேலி செய்ததைப் படித்தபோது மட்டும் மனம்விட்டுச் சிரித்தேன். பத்திரிகாசிரியர்களின் குணம் பனிக்கட்டியிலும் மாறவில்லை.

பாரி செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய தோட்டம். ஹெக்லாவின் பீரங்கி அதிகாரி ஒருவருக்கு ஸ்கர்வி கண்டது; பல் ஈறு வீங்கி இரத்தம் கசியும் வியாதி. பாரி தம் அறையில் அடுப்புக் குழாயை ஒட்டிச் சின்னச் சின்னப் பெட்டிகளில் மண் நிரப்பிக் கடுகு விதையையும் கீரை விதையையும் தூவினார். வெளிச்சம் இல்லாததால் முளைகள் பச்சை பிடிக்காமல் வெளுத்தே வளர்ந்தன. அந்த முளைகளைத் தின்ற நோயாளி ஒன்பது பத்து நாளில் எழுந்து நடமாடினான். வைட்டமின் 'சி' என்ன என்று உலகம் கண்டுகொள்ள இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. எலுமிச்சைச் சாற்றையும் ஒவ்வொருவனும் ஓர் அதிகாரியின் கண் முன்னால் குடித்தாக வேண்டும் என்று விதி. விளக்கெண்ணெய் கொடுக்கிற நம் பாட்டிமார்களைப் போல! தளத்தைச் சுற்றி ஓடவேண்டும் என்பது இன்னொரு விதி. கைப்பிடியைச் சுற்றி வாசிக்கும் ஒரு வாத்தியப் பெட்டி தாளம் போட, அதற்கேற்ப ஓட வேண்டும். 1820 ஆகஸ்டில் பனி விட்டு வெளியே வந்தபோது 94 பேரில் இறந்திருந்தவர் ஒரே ஒருவர்.

அதிகாரிகள் எழுதிய புத்தகத்தில் மாலுமிகள் மகிழ்ந்தார்கள் என்றுதானே இருக்கும் என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. கட்டளையின் பேரில் சிரிப்பது சிரமமான காரியம். ஆனால் கட்டளையும் இல்லாமல், நாடகமும் இல்லாமல், இருட்டில் கிடந்தவர்களின் கதையைப் பார்த்த பிறகு பாரியின் கட்சிக்கு நான் சாய்ந்துவிட்டேன்.

அது பெல்ஜிகா என்ற கப்பல். 1898 மார்ச் முதல் 1899 மார்ச் வரை தென்துருவக் கடலில் பனிக்கட்டிக்குள் அகப்பட்டுக் கிடந்தது. அந்தக் கடலில் குளிர்காலத்தைக் கழித்த முதல் கப்பல் அதுதான். அதற்கு வேண்டிய உடுப்போ, விளக்கோ, ஆயத்தமோ போதுமானதாக இல்லை. மே மாத நடுவில் போன சூரியன் எழுபது நாள் வரவில்லை. டான்கோ என்ற இளம் அதிகாரி ஜூன் 5-ஆம் தேதி இறந்தார். நான்ஸன் என்று பெயரிட்டு எல்லாரும் கொஞ்சி வளர்த்த பூனையும் அந்த மாதமே செத்தது. மாலுமி ஒருவனுக்குச் சித்தம் பேதலித்தது. தலைவர் டி ஜெர்லாஷுக்கோ கடல்நாய், பென்குயின் மாமிசத்தின் மேல் தாங்க முடியாத அருவருப்பு. ஸ்கர்வி கப்பல் முழுவதும் பரவிற்று. கப்பலின் டாக்டர் குக் என்ற அமெரிக்கர்தான் கடைசியில் பச்சை மாமிசத்தைத் தின்னச் செய்தார். நோயாளிகளை உடுப்பைக் களைந்துவிட்டுத் தினமும் அடுப்பின் எதிரே சிறிது நேரம் உட்காரச் சொன்னார். கப்பலைச் சுற்றி வட்டமாக நடக்க வைத்தார். அந்த நடைக்கு அங்கே இருந்தவர்களே 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி உலா' என்று பெயர் வைத்தார்களாம். தங்களைப் பற்றி இப்படிச் சிரிக்க முடிந்தவரை அவர்கள் பிழைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நான் சொல்ல விரும்பிய ஆறு பேரிடம் வருகிறேன். இவர்களுடைய கதையை உலகம் அதிகம் பேசுவதில்லை. ஸ்காட் தென்துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் மாண்ட கதை எல்லாருக்கும் தெரியும். அவர் அனுப்பிய இன்னொரு சிறு குழு, காம்பெல் என்பவர் தலைமையில், 1912 ஜனவரி 8-ஆம் தேதி கரையோரத்தில் வேறோர் இடத்தில் இறங்கிற்று. ஆறு வாரத்துக்கு உணவு. பிப்ரவரியில் கப்பல் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடு. இடையில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது, கப்பல் வரவில்லை. ஆறு வாரத்து உணவை வைத்துக்கொண்டு, கோடைகாலத்துக் கந்தல் உடுப்போடு, அவர்கள் செப்டம்பர் கடைசி வரை அங்கே இருக்க நேர்ந்தது.

கூடாரம் காற்றில் நிற்காது. ஆகவே உறைபனிக் குன்று ஒன்றைக் குடைந்து ஒரு குகை செய்தார்கள். நீளம் 12 அடி, அகலம் 9 அடி, உயரம் ஐந்தரை அடி. யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தே இருந்ததால் வந்த முதுகுவலிக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். உணவு கடல்நாய், பென்குயின். விளக்கும் அவற்றின் கொழுப்பு. சிறு தகர டப்பாவில் கொழுப்பை விட்டுத் திரி போட்டது. அடுப்புக்கும் அதே கொழுப்பு. புகையில் முகம், உடுப்பு, படுக்கை, சுவர் எல்லாம் கரியேறி எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்தன. ஒரு தடவை புயலில் புகைப்போக்கி அடைத்துக்கொண்டு விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கி அணைய, தக்க சமயத்தில் துவாரம் செய்து மூச்சு விட்டார்கள். வயிற்றுக்கடுப்பு வேறு.

ஆறு பேரில் மூவர் அதிகாரி வர்க்கம்: காம்பெல், டாக்டர் லெவிக், பூகர்ப்ப சாஸ்திரி பிரீஸ்ட்லி. மூவர் கடற்படைச் சிப்பந்திகள்: அபட், பிரௌனிங், டிக்கஸன். காம்பெல் குகையின் நடுவே ஒரு கோடு கிழித்தார். ஒரு பக்கம் அதிகாரிகள், மறு பக்கம் சிப்பந்திகள். படித்தவுடன் எனக்குக் கோபம் வந்தது. சாகப் போகிற இடத்திலுமா ஜாதி! மேலே படித்தால் விஷயம் வேறாக இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கத்தார் காதில் விழாததாகப் பாவிக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. அதாவது சிப்பந்திகள் அதிகாரிகளை வாய் குளிர வையலாம். அதிகாரி கேட்டும் கேளாதவனாக இருக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரே தாழ்வாரத்தில் நாலு குடித்தனம் இருந்த வீடுகளில் நம்மவர்களும் இப்படி ஒரு செவிட்டுத்தனத்தைப் பழகி வைத்திருந்தார்கள்.

சமையல் இருவர் இருவராக முறை வைத்து நடந்தது. மூன்று நாளைக்கு ஒரு முறை. உணவுக்குப் பொறுப்பு பிரீஸ்ட்லி. அந்த இளைஞனுக்கு அப்போது வயது 25. அவன் போட்ட திட்டம்தான் என் மனத்தை விட்டு நீங்காதது. கொண்டுவந்ததில் மிஞ்சியிருந்த பிஸ்கட் ஆளுக்குத் தினம் ஒன்று. சனிக்கிழமை கொஞ்சம் சாக்லேட். ஞாயிற்றுக்கிழமை சில கட்டிச் சர்க்கரை. தேயிலை ஞாயிறன்று மட்டும். அதே சக்கையைத் திங்களன்று மறுபடி கொதிக்க வைப்பார்கள். பிறகு உலர்த்திப் புகைக் குழாயில் போட்டுக் குடித்துவிடுவார்கள். மாதக் கடைசி நாளில் ஆளுக்கு 25 உலர்ந்த திராட்சை.

அந்தச் சாக்லேட்டையும் திராட்சையையும் முதல் மாதத்திலேயே பங்கிட்டுத் தின்றிருக்கலாம். பசிக்கு அது நியாயமும்கூட. உடம்புக்கு அந்தத் துணுக்குகளால் பெரிய லாபம் எதுவும் இல்லை. ஆனால் இருட்டில் கிழமை என்று ஒன்று இருப்பது அதனால்தான். சனிக்கிழமைக்கு ஒரு ருசி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ருசி, மாதம் பிறப்பதற்கு ஒரு ருசி. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமைச் சுண்டலும் கிருத்திகையும் அமாவாசையும் செய்கிற வேலையை அங்கே 25 திராட்சை செய்தது. நானாக இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாக ராத்திரி முழுவதும் வைத்துக்கொண்டு தின்றிருப்பேன்.

பிறந்தநாள்களுக்குத் தனியாக ஏதாவது உண்டு. ஜூன் 22, குளிர்காலத்தின் நட்டநடு நாள், அன்று விருந்து. கோக்கோவில் தாராளமாகச் சர்க்கரை. எதிர்பாராத பண்டிகையும் ஒன்று வந்தது. பிரௌனிங் வெட்டிய ஒரு கடல்நாயின் வயிற்றில் 36 மீன்கள், ஜீரணமாகாமல் முழுசாக இருந்தன. அவற்றைக் கொழுப்பில் வறுத்துத் தின்றார்கள். வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். மாதக்கணக்காகக் கடல்நாய்க் கறியே தின்றவனுக்கு அது கல்யாணச் சாப்பாடு.

ஞாயிறு தோறும் தோத்திரப் பாட்டுக்கள் பாடுவார்கள். மற்ற இரவுகளில் லெவிக் உரக்கப் படிப்பார். அவர்களிடம் இருந்த சில புத்தகங்களில் ஒன்று டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்பீல்ட்'. கொழுப்பு விளக்கின் அருகில் உட்கார்ந்து ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம். அறுபது இரவுகளுக்கு அது வந்தது. மேலும் ஓர் அத்தியாயம் படியுங்கள் என்று யாராவது கெஞ்சியிருப்பார்கள், டாக்டர் மசியவில்லை. அந்த நாவல் முதன்முதலில் 1849-50-இல் மாதப் பகுதிகளாகத்தான் வெளிவந்தது. ஆகவே பனிக்குகை வாசகர்கள் அதை எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படித்தான் படித்தார்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருந்த குடும்பங்களின் கதையைப் பெரியவர்களிடம் நாம் கேட்டிருக்கிறோம். தொடர்கதை எழுதுகிறவர்களை இலக்கியக்காரர்கள் ஒரு படி கீழே வைத்துப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் குகையின் ஞாபகம் வரும். 'தொடரும்' என்ற சொல்லுக்கு அங்கே இருந்த மதிப்பு எந்தப் பரிசுக்கும் கிடையாது.

இப்படியெல்லாம் சொல்வதால் அவர்கள் சுகமாக இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அபட் ஒரு கடல்நாயைக் கொல்லும்போது கத்தி வழுக்கிக் கையின் மூன்று விரல்களின் நரம்பு அறுந்துபோயிற்று. குகைக்குள் உறுதியாகவே இருந்த அந்தப் பலசாலிக்குப் பிரயாணம் முடிந்து ஊர் திரும்பும் சமயத்தில் மனம் உடைந்தது. பிரௌனிங் கடுப்பினால் எலும்புக்கூடாகிவிட்டான். செப்டம்பர் 30-ஆம் தேதி குகையை விட்டுப் புறப்பட்டபோது அவன் பிழைப்பானா என்பதே சந்தேகம். 200 மைலுக்கு மேல் வண்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

வழியில் கேப் ராபர்ட்ஸ் என்ற இடத்தில், வேறொரு குழு முந்தின பருவத்தில் விட்டுப்போன உணவுக் குவியலைக் கண்டார்கள். அதில் பிஸ்கட் இருந்தது. அன்று கணக்கு இல்லை, பங்கு இல்லை, கிழமை இல்லை. வேண்டிய மட்டும் தின்றார்கள். மாமிசம் ஒழிந்து தானியம் உள்ளே போனதும் பிரௌனிங்குக்கு உயிர் திரும்பிற்று.

நவம்பர் 7-ஆம் தேதி கேப் எவான்ஸில் இருந்த தலைமை வீட்டை அடைந்தார்கள். உள்ளே இரண்டே பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சமையற்காரர். மற்றவர்கள் எல்லாரும் போன மார்ச்சிலிருந்து திரும்பாத ஸ்காட்டைத் தேடிப் போயிருந்தார்கள். ஐந்து நாள் கழித்து, நவம்பர் 12-ஆம் தேதி, தேடிப் போனவர்கள் அந்தக் கூடாரத்தைக் கண்டார்கள்.