விலக்கும் தூரம், அணுகும் தூரம்

மேகமலை அடிவாரத்தில், சின்னமனூருக்கு அப்பால் உள்ள பேரூராட்சி ஓடைப்பட்டி. விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே பந்தலடியில் கூலிவேலை செய்யும் ஒருவர் குடியை விட எண்ணி மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்னமனூர் வந்து, தேனிக்குப் போய், அங்கிருந்து ஆண்டிபட்டிச் சாலையில் க.விலக்குவரை செல்லவேண்டும். அன்றைய கூலி போயிற்று. குடிநோய்ச் சிகிச்சையோ ஒருநாளில் முடிவதன்று; மறுபடி மறுபடி வரச்சொல்வார்கள். பலர் பாதியில் நின்றுபோவதற்கு மனவுறுதி இன்மையை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது.

இந்தத் தூரத்தை நம் சட்டங்கள் எப்படிப் பார்த்தன என்பது சுவையான வரலாறு.

தமிழகத்தில் மதுவைப் பற்றிய சட்டம் தொடக்கம் முதலே இடத்தைப் பற்றிய சட்டமாகவும் இருந்துவந்துள்ளது. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது அது சேலம் மாவட்டத்துக்கு மட்டுமே பொருந்தியது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003 இறுதியில் சில்லறை விற்பனையையும் ஏற்றது. அவ்வாண்டின் விதிகள் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் தள்ளியே மதுக்கடை அமையவேண்டும் என்றன.

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேருக்கு மிகாத உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. தமிழகத்தில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றுக்கு மாற்றிடம் தேடியபோது குடியிருப்புகளில் எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்களைக் காவலர்கள் தாக்கிய காட்சியை நாடே பார்த்தது.

இதே அளவுகோலை வேறொரு நாடு சிகிச்சை நிலையத்தின்மீது வைத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சட்டமொன்று பள்ளி, தேவாலயம், பூங்கா, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 500 அடிக்குள் மெதடோன் சிகிச்சையகம் வரலாகாது என்றது. உள்ளாட்சி வாக்களித்து இசைந்தால்தான் விலக்கு. ரெடிங் நகரம் அப்படி இடம் மறுத்த வழக்கில், 2007இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை உடற்குறையுடையோருக்கு எதிரான பாகுபாடு என்று தள்ளியது. நாம் நஞ்சை விலக்கிவைக்க அளந்தோம். அவர்கள் நோயாளியை விலக்கிவைக்க அளந்தார்கள். இரண்டிலும் அளக்கப்பட்டது விலக்கும் தூரமே.

அணுகும் தூரத்தைப் பேசும் சட்டமும் நம்மிடம் உண்டு. 2017 ஏப்ரலிலேயே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. நெடுந்தொலைவு பயணிக்க நேராதபடி, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்கவேண்டும் என்றது. ஆனால் ‘அருகில்’ என்பது எத்தனை மீட்டர்? கடைக்கு எண் சொன்னவர்கள் சிகிச்சைக்கு எண் சொல்லவில்லை. எண் இல்லாத உரிமையை எந்த அதிகாரியிடம் கேட்பது?

ஒரு விடை முன்பே நம்மிடம் இருந்தது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். 1989இல் அந்நிறுவனம் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. மருத்துவர்களும் ஆலோசகர்களும் சென்னையிலிருந்து போனார்கள். இடத்தை ஊரார் தந்தார்கள். ஊரின் நடுவே, உறவினர் வந்து பார்க்கும்படி சிகிச்சை நடந்தது. முகாம் முடிந்த பின்னும் தொடர்ந்து விசாரிக்க அயலார் இருந்தார்கள். குடிநோயாளியை ஊருக்கு வெளியே அனுப்புவதற்குப் பதில், ஊரே அவரைப் பொறுப்பேற்ற முறை அது.

ஓடைப்பட்டி போன்ற பேரூராட்சியில் இதற்கு ஒரு மண்டபம் கிடைக்காதா என்ன? திருமணமில்லாத மாதத்தில் 15 நாள் போதும். மண்டபத்தை யார் திறந்துவிடுவது என்பதை மட்டும் எந்த விதியும் இன்னும் சொல்லவில்லை.