எருமைக் கொம்பும் எருமைக் கன்றும்

செத்தவர் மறு உலகம் போகும் வழியில் நூலால் ஆன பாலம் ஒன்று உண்டு. நீலகிரியில் தோடரும் இதைச் சொன்னார்கள், படகரும் சொன்னார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் வரும் எருமைக்கு இரண்டு கதைகளிலும் ஒரே வேலை இல்லை.

தோடர் கதையை 1906இல் அச்சிட்டவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். மகன் பூவ் இறந்ததும் பிரிய மனமில்லாத ஓன் என்ற தெய்வம் அவனோடு மேற்கே போய், அம்நோட்ர் என்னும் இறந்தோர் நாட்டை ஆளத் தொடங்கினான். பின்னால் வருகிறவர்கள் நூல் பாலத்தைக் கடக்க வேண்டும். கெட்டவர் கீழே ஆற்றில் விழுந்து அட்டைக்கடி படுவார். அம்நோட்ரில் நடந்து நடந்து முழங்கால்வரை கால் தேய்ந்தவரை ஓன் திரும்பப் பூமிக்கு அனுப்பிவிடுவானாம்.

அந்த நாட்டிலும் பால், மோர் வேண்டுமே! அதனால் செத்தவரோடு போக, சாவுச் சடங்கில் எருமையைக் கொன்றார்கள். இளைஞர்கள் கொம்பைப் பற்றித் தொங்கி அதை மடக்குவார்கள். கோடரியின் பின்புறத்தால் ஓர் அடி. செத்தவர் ஆண் என்றால் உடலை அருகே கொண்டுவந்து கையை அந்தக் கொம்பின்மேல் வைப்பார்கள். ஒரு சாவுக்கு இரண்டு எருமைக்கு மேல் கூடாது என்று வெள்ளைக்கார அரசு கட்டுப்படுத்தியது.

படகரிடம் எருமைக் கன்று செத்தவர் கூடவே போகவில்லை, அவருடைய பாவச் சுமையோடு ஓடிப்போனது. பாடையை மூன்று சுற்று சுற்றி வரச் செய்து, செத்தவர் கையை அதன் தலையில் வைத்து, தூரத்துக்கு விரட்டிவிடுவார்கள். ஒருவர் செய்த பாவம் 1,300 என்பது கணக்கு. 1871இல் சார்லஸ் கோவர் வெளியிட்ட நாட்டுப்பாடல் நூலிலும் அந்தச் சடங்கு உண்டு. நூல் பாலம் அறாமல் இருக்கட்டும், தீத்தூண் குளிரட்டும் என்று முடிவில் வேண்டுவார்கள்.

அந்தச் சடங்கில் சொல்லும் பாவப் பட்டியலைப் படித்தால் அது யாருடையது என்று கேட்கவே வேண்டாம். அக்கம்பக்கத்தாரோடு வேலி பகிர்ந்த உழவரின் பட்டியல். எல்லைக் கல்லை நகர்த்தியது, நாற்றைப் பிடுங்கியது, பக்கத்து வீட்டு எருமை நிறையக் கறப்பதைப் பார்த்து வயிறெரிந்தது, மாமியாரை விரட்டியது, குஞ்சுப் பறவையைப் பூனைக்குக் கொடுத்தது. குளிரில் விறைத்தவனுக்கு நெருப்புத் தராததும் பாவம். அது மலைக்காரருக்கே தோன்றும். காட்டில் வழிப்போக்கருக்குத் தப்பு வழி காட்டியதும் உண்டு. இந்தப் பட்டியலை ஒருவர் சொல்லச் சொல்லக் கூட்டம் பதில் சொல்லும்.

பாதிரிமாரும் பிறரும் எழுதிவைத்த இந்தப் படகர் கன்றை ஜேம்ஸ் பிரேசர் ‘தங்கக் கிளை’ நூலில், பிறர் பாவம் சுமக்கும் பலியாடுகளின் வரிசையில் நிறுத்தினார். அதில் பாதிதான் உண்மை. சுமை ஏற்றி விரட்டிய கன்றை யாரும் விற்கவில்லை, புனிதமானதாக வைத்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிப்பித்த பட்டியலில் இன்னொரு பாவமும் இருக்கிறது: சாவில் விட்ட கன்றைத் தன் உபயோகத்துக்குப் பிடித்துக்கொள்வது. அப்படிப் பிடித்தவனின் பாடையருகே அதையும் சேர்த்துச் சொல்லி, வேறொரு கன்றின் தலையில் ஏற்ற வேண்டியதுதான்.