முற்றத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

எங்க பால்வாடி ஊர்த்தெருவுல இருந்துச்சு. பாட்டும் விளையாட்டும் உள்ளே. சேரிப் புள்ளைங்க நாங்க தட்டோட வாசல்ல. எங்களுக்குச் சோறு மட்டுந்தான், அதுவும் கடைசியா.

மராத்தியில் 'அங்கண்' என்றால் முற்றம். 1945இல் தாராபாய் மோடக், இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள போர்டி கிராமத்துக்குப் போனார். சேரிப் பிள்ளைகள் பால்வாடிக்கு வரவில்லை. அனுதாய் வாக்கோடு சேர்ந்து பள்ளியையே சேரி முற்றத்துக்குக் கொண்டுபோனார். குளிப்பாட்டுவதும் பாடமானது, கூழாங்கல்லும் இலையும் எண்ணிக்கை கற்றுத்தந்தன. அங்கன்வாடி பிறந்தது அப்படித்தான்.

1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிய அரசு, அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. எங்க ஊரில் முற்றத்தை மறந்துவிட்டார்கள்.

சோறு, தடுப்பூசி, பாட்டு எல்லாம் சேர்ந்ததுதான் குழந்தைக் கல்வி என்கிறார்கள். சரிதான். புள்ளைய எங்க உட்கார வைக்கிறீங்க என்பதும் அதுல சேர்த்திதானே?