சரக்கு வண்டியின் பின்கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுதல்: சங்கரன்கோவில் வட்டாரச் சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலின் பூச்சந்தையும் விசைத்தறிக் கூடங்களும், அருகிலுள்ள புளியங்குடியின் எலுமிச்சைச் சந்தையும் சிறு சரக்கு வண்டிகளை நம்பி இயங்குகின்றன. ஒரு பக்கம் ராஜபாளையம் வழியே மதுரைக்கும், மறுபக்கம் செங்கோட்டை, புளியரை வழியே கேரளத்துக்கும் இவ்வண்டிகள் ஓடுகின்றன. வெயில் தாங்காமல் கேபின் கண்ணாடிக்குக் 'கூலிங் பேப்பர்' ஒட்டக் கேட்பது ஓட்டுநர்களின் வழக்கம். அதில் அதிகச் சிக்கல் தருவது பின்கண்ணாடி. சட்டம் அங்கே கடுமையாக இருக்கிறது. சில வண்டிகளில் கண்ணாடி வளைந்திருக்கிறது. கை நுழைய இடம் குறைவு. சட்டத்தின் கணக்கையும் வெப்பத்தின் கணக்கையும் தனித்தனியே போட்டுப் பார்த்தாலும் விடை ஒன்றுதான்: ஃபிலிம் ஒட்டுவதானால் பின்கண்ணாடிக்கு ஏற்றது கறுப்பு ஃபிலிம் அன்று, ஏறத்தாழத் தெளிவாக உள்ள வெப்பத்தடுப்பு ஃபிலிம். இதை நிறுவுவதும், அதை ஒட்டும் முறையை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

2. சட்டத்தின் நிலை

2.1 விதி 100. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆவது விதிப்படி, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியைக் கடத்த வேண்டும். பக்கக் கண்ணாடிகளுக்கு 50 விழுக்காடு போதும். பக்கக் கண்ணாடிக்குச் செல்லும் ஃபிலிம் பின்கண்ணாடிக்குச் செல்லாமல் போவது இந்த வேறுபாட்டால்தான்.

2.2 2012 தீர்ப்பு. அவிஷேக் கோயங்கா வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஒளி கடத்தும் அளவு எவ்வளவாக இருந்தாலும் கண்ணாடியின் மேல் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. தயாரிக்கும்போதே விதி 100 கூறும் அளவில் அமைந்த கண்ணாடிக்கு மட்டுமே அனுமதி. அவ்வாண்டு மே 4 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

2.3 விதித்திருத்தமும் 2024 தீர்ப்பும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 'பாதுகாப்புக் கண்ணாடி' என்பதோடு 'பாதுகாப்பு கிளேசிங்' என்பதையும் விதியில் சேர்த்தது. உட்புறம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியும் இதில் அடங்கும் என்று கொண்ட கேரள உயர் நீதிமன்றம், 70, 50 என்ற அளவுகளுக்கு உட்பட்ட ஃபிலிமுக்குத் தண்டம் விதிக்கக் கூடாது என 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களுக்கு வழிகாட்டலாம்; அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆகவே மாநில எல்லையான புளியரைக்கு மேற்கே செல்லும் வாதம் கிழக்கே செல்லும் என்று எண்ணி ஒட்டுவது ஆபத்து. அளவு மீறிய ஃபிலிமுக்கோ இரு பக்கமும் இடமில்லை.

3. ஒளியின் கணக்கு

ஃபிலிம் வாங்குபவர் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். கண்ணாடியே சிறிதளவு ஒளியைத் தடுக்கிறது. அதன் மேல் ஒட்டும் ஃபிலிம், மிஞ்சிய ஒளியிலிருந்து ஒரு பங்கைத் தடுக்கிறது. எனவே இரண்டு அளவுகளையும் பெருக்க வேண்டும்.

80 விழுக்காடு கடத்தும் கண்ணாடியில் '70' என்று விற்கப்படும் ஃபிலிமை ஒட்டினால் கிடைப்பது 56 விழுக்காடு. பக்கக் கண்ணாடிக்கு இது 50-க்கு மேல். பின்கண்ணாடிக்கோ 70-க்குக் கீழ். அதே கண்ணாடியில் 70-ஐ எட்ட ஃபிலிம் மட்டும் 88 விழுக்காடு கடத்த வேண்டும். பச்சைச் சாயல் கொண்ட கண்ணாடி 75 மட்டுமே கடத்துமானால், ஃபிலிம் 93-க்கு மேல் கடத்தியாக வேண்டும். அங்கே ஒட்டாமல் விடுவதே நல்லது. ஆகவே முதல் வேலை, வெறும் கண்ணாடி ஒளி கடத்தும் அளவை மீட்டரால் அளப்பது.

4. வெப்பத்தின் கணக்கு

தரையை எட்டும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். இருட்டைக் கொண்டு இதை அளக்க முடியாது. சாயம் ஏற்றிய மலிவான கறுப்பு ஃபிலிம் ஒளியை உறிஞ்சித் தானே சூடாகிறது. அச்சூட்டில் ஒரு பகுதி கேபினுக்குள்ளேயே திரும்புகிறது. செராமிக் நுண்துகள் கலந்த ஃபிலிம், பார்வைக்குத் தெளிவாக இருந்துகொண்டே அகச்சிவப்பில் பெரும்பகுதியைத் தடுக்கும். தரமான ஃபிலிம் எதுவாயினும் புற ஊதாக் கதிரை அநேகமாக முழுவதும் நிறுத்தும்.

பின்கண்ணாடியில் வெயில் விழும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். காலையில் மேற்கே செங்கோட்டை நோக்கிச் செல்லும் வண்டிக்கும், மார்கழி, தை மாதங்களில் பகலில் வடக்கே மதுரை நோக்கிச் செல்லும் வண்டிக்கும் முதுகுப்புறத்தில் வெயில் அடிக்கும். கேபின் உயரத்துக்குப் பாரம் ஏற்றித் தார்ப்பாய் போட்டுவிட்டால் கண்ணாடியே மறைந்துவிடும். அந்த நடையில் ஃபிலிமால் பயனில்லை. பாரம் இறக்கித் திரும்பும் வெறும் வண்டிக்கே பலன் அதிகம். ரிவர்ஸ் எடுக்கையில் பின்கண்ணாடி வழியே பார்க்க முடிவதும் அப்போதுதான். அந்தப் பார்வையைக் கறுப்பு ஃபிலிமால் மறைப்பது உயிரோடு விளையாடும் செயல்.

5. வளைவின் சிக்கல்

ஒரு திசையில் மட்டும் வளைந்த கண்ணாடியில் தட்டையான தாளைச் சுருக்கமின்றிப் படியவைக்கலாம். இரு திசையிலும் வளைந்ததில் அது இயலாது. அத்தகைய வளைபரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் தட்டையாக்க முடியாத காரணத்தை ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் நிறுவினார். உரித்த எலுமிச்சைத் தோலை மேசையில் வைத்து அழுத்தினால் ஓரம் கிழிவது இதனால்தான்.

ஃபிலிம் பாலியெஸ்டரால் ஆனது. சுருள் ஓடும் திசையில்தான் அது சூட்டுக்கு நன்கு சுருங்கும். எனவே சுருளின் ஓட்டம் கண்ணாடியின் இடவலமாக அமையுமாறு விரிக்க வேண்டும். மிகையான பகுதி மேலும் கீழும் விரல் விரலாக மடிந்து எழும்பும். சூடு பட்டதும் அந்த மடிப்புகள் அடங்கும். திசை மாறினால் எவ்வளவு சூடு காட்டினாலும் மடிப்பு அடங்காது, ஃபிலிம்தான் கருகும்.

6. செய்முறை

6.1 இடம் ஒருக்குதல். கண்ணாடிக்கு வெளியே பாரத் தடுப்புக் கம்பி இருந்தால் போல்ட்டைக் கழற்றி எடுக்க வேண்டும். உள்ளே சீட்டின் முதுகைச் சாய்க்க வேண்டும். சாயாவிட்டால் கழற்ற வேண்டும். சோம்பலால் இதை விட்டுவிடுவதால்தான் கீழ் ஓரம் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது.

6.2 தூய்மை. ஆடிக்காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் இவ்வேலை ஆகாது. மூடிய ஷெட்டில், தரையை நனைத்துவிட்டு, அதிகாலையில் செய்வது நல்லது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் ஃபிலிமுக்கு அடியில் வெண்படலம் நிற்கும். ஆகவே கேன் தண்ணீரில் சில துளி பேபி ஷாம்பூ கலந்து பயன்படுத்த வேண்டும். ரப்பர் பீடிங்கின் இடுக்கில் தங்கிய மண்ணைத் துணி சுற்றிய தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஸ்ப்ரே அடித்தவுடன் மண் கரைந்து, வழித்து முடித்த ஃபிலிமுக்கு அடியில் மணல் மணலாக வந்து நிற்கும்.

6.3 சூடு காட்டுதல். கண்ணாடியின் வெளிப்புறத்தை நனைத்து, லைனர் (பசைப் பக்கத்தை மூடியுள்ள தாள்) நம்மைப் பார்க்கும்படி ஃபிலிமை விரிக்க வேண்டும். இரு ஓரங்களில் செங்குத்தாகவும் நடுவில் கிடையாகவும் வழித்து நிலைநிறுத்தினால் மிகை முழுவதும் மேலும் கீழும் ஒதுங்கும். ஒவ்வொரு மடிப்பின் மேலும் ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மடிப்பு தளர்ந்து தட்டையாகும் கணத்தில் ஸ்க்யூஜியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துவிட வேண்டும். ஒரே இடத்தில் சூடு நின்றால் ஃபிலிம் சுருண்டு பாழாகும், கண்ணாடியும் வெடிக்கலாம்.

6.4 ஒட்டுதல். இவ்வாறு படியவைத்து, கண்ணாடியின் அளவுக்கு வெட்டிய ஃபிலிமை உள்ளே கொண்டுபோய் லைனரை மேலிருந்து பாதி உரித்து, முதலில் மேல் பகுதியை நிறுத்தி, பிறகு மீதியை உரித்து இறக்க வேண்டும். ஓரத்தில் 1 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டால் பீடிங்கில் உரசி உரியாது. கண்ணாடி ஓரத்துக் கருப்புப் புள்ளிகள் மேடாக இருப்பதால் அங்கே காற்று தங்கி வெண்மையாகத் தெரியும். புள்ளிப் பட்டைக்கு உள்ளேயே ஃபிலிமை முடித்துக்கொள்ளலாம். உள்ளே சிக்கிய ஈரம் முழுதாக வற்றச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். அதுவரை துடைக்கக் கூடாது.

7. முடிவுரை

பின்கண்ணாடியின் 70 என்ற எல்லையும், வெப்பத்தில் பாதி ஒளியில் இல்லை என்ற உண்மையும், ரிவர்ஸில் ஓட்டுநருக்கு வேண்டிய பார்வையும் ஒருசேரத் தெளிவான ஃபிலிமையே கேட்கின்றன. இதற்கு இரண்டு மாற்றங்கள் தேவை. ஸ்டிக்கர் கடைகள் ஒளி கடத்தும் அளவைக் காட்டும் மீட்டரை வைத்து, ஒட்டும் முன் ஓர் அளவும் ஒட்டிய பின் ஓர் அளவும் பில்லில் எழுதித் தர வேண்டும். சோதனை செய்வோரும் கண்மதிப்பை விட்டு மீட்டரால் அளக்க வேண்டும். பகல் முழுதும் அந்தக் கேபினில் உட்கார்ந்து உழைப்பவருக்கு வெப்பத்திலிருந்து காப்புக் கேட்கும் உரிமை உண்டு. அந்தக் காப்பை இருட்டாக விற்காமல் அளந்து விற்பது கைவேலை செய்பவரின் கடமை.