தமிழ்நாட்டு டைனோசர்... இலை தின்றதா, மீன் தின்றதா?

கிரிவலம் போகும்போது அண்ணாமலையை அண்ணாந்து பார்த்தால், "இவ்ளோ பழைய மலையாச்சே, தோண்டினா டைனோசர் எலும்பு கிடைக்குமா?" என்று தோன்றலாம். கிடைக்காது பாஸ். மலை அதுக்கும் ரொம்ப ரொம்பப் பழசு!

திருவண்ணாமலைப் பகுதிப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் வாழ்ந்ததோ சுமார் 23 கோடி ஆண்டுகளிலிருந்து 6.6 கோடி ஆண்டுகள் முன்புவரைதான். எலும்பு கல்லாக மாற, அதன்மேல் மணலும் சேறும் படிய வேண்டும். அப்படிப் படிந்த இடம் வேணும்னா அரியலூருக்குத்தான் போகணும். டைனோசர் காலத்தில் அது கடல்!

'திராவிடப் பல்லி'

அரியலூர் பகுதியில் கிடைத்த எலும்புகளை வைத்து, 1979-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு புது டைனோசரை அறிவித்தார்கள். பெயர், திராவிடோசாரஸ். மண்டையோட்டின் ஒரு பகுதி, ஒரு பல், முதுகுத் தகடுகள் ஆகியவை கிடைத்ததாகச் சொன்னார்கள். சுமார் 3 மீட்டர் நீளம், முதுகில் தகடுகள், சாப்பாடு சுத்த சைவம். ஸ்டெகோசாரஸின் சின்னச் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் வந்தது ட்விஸ்ட். சங்கர் சாட்டர்ஜி, ருத்ரா ஆகியோர், "இது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவின் தேய்ந்துபோன எலும்பு" என்றார்கள். அதாவது, இலை தின்றது என்று நாம் நினைத்தது, மீன் பிடித்த பிராணியாக இருக்கலாம். ஸ்டெகோசார்தான் என்று சொல்லும் தரப்பும் இன்னும் இருக்கிறது.

மங்கோலியாவுக்கு மட்டும் எப்படி?

இதே குழப்பம் புரோட்டோசெராடாப்ஸுக்கு இல்லை. கொம்பு டைனோசர் குடும்பத்தில் ஒரு குட்டி ஆள் இது. சுமார் 2 மீட்டர் நீளம், கிளி போன்ற அலகு, கழுத்துக்குப் பின்னால் விசிறி போன்ற எலும்பு. கொம்புக் குடும்பம் என்றாலும் பெரிய கொம்பு கிடையாது. 1923-ல் பெயர் வைத்தார்கள்.

கோபி பாலைவனத்தில் குஞ்சு முதல் கிழடு வரை ஏராளமான எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், வளர வளர அந்த விசிறி எப்படிப் பெரிதானது என்பது தெரிகிறது. 1971-ல், வெலாசிராப்டரோடு சண்டை போட்ட நிலையிலேயே ஒன்று கிடைத்தது. எதிரி யார் என்பதற்கும் ஆதாரம் ரெடி!

முழு எலும்புக்கூடு கதை சொல்லும். துண்டு எலும்பு விவாதத்தைத்தான் கிளப்பும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மழையில் போன எலும்பு

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸ், உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையிலும் ஈரத்திலும் நொறுங்கிப்போயின. மிஞ்சியது படங்களும் குறிப்புகளும்தான். இனி யாரும் அதைத் தொட்டுச் சரிபார்க்க முடியாது.

அதனால், அந்தப் பக்கம் போகும்போது வித்தியாசமான கல்லைப் பார்த்தால் பெயர்த்து எடுக்காதீங்க. போட்டோ எடுத்து, லொகேஷனோடு வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்க. திராவிடோசாரஸ் வழக்கில் தீர்ப்பு சொல்லப்போகும் எலும்பு, ஒருவேளை உங்க காலடியிலேயே இருக்கலாம்!