மாணாக்கரே ஆசிரியர்

கற்கும் இளைஞர் தம்மினும் இளையார்க்கு எழுத்தறிவித்தல் மேனாட்டார் நமக்களித்த புதுமை என்று கருதுவார் உளர். வரலாறு வேறு கூறுகின்றது.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் பெரும்பாலும் ஒருவரே. பிள்ளைகளோ பல நிலையினர். ஆதலின் முன்னே படித்த பிள்ளை, பின்னே வந்த பிள்ளையின் விரல் பற்றி மணலில் எழுத்துக் காட்டினான். அவனையே தமிழர் சட்டாம்பிள்ளை என்றனர்.

1789இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். வழியில் ஒரு பள்ளியிலே பிள்ளைகள் மணலில் எழுதக் கண்ட அவர், அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்த விழைந்தார். ஆசிரியர்கள் உடன்படவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அவன் செய்து முடித்தான். 1797இல் இலண்டனில் பெல் இதனை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவியது.

1823இல் பெல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்பெல், அங்கே 533 பள்ளிகளில் 6,641 மாணாக்கர் பயில்வதாகக் கணக்களித்தார். பிறர்க்குக் கற்பிக்கும் மாணவன் தன் அறிவையும் உறுதிப்படுத்திக் கொள்கின்றான் என்று அவர் பாராட்டினார். எனினும் குறைகளையும் அவர் மறைத்தாரல்லர். பிள்ளைகள் பொருளுணராது கிளிபோல் ஒப்புவித்தனர். வறுமையால் பலர் பள்ளிக்கு வர இயலவில்லை. அத்தனை மாணாக்கருள் பெண்கள் அறுபதின்மரே!

இங்கிலாந்திலும் அம்முறை நாளடைவில் இயந்திரம்போல் ஆயிற்று. நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சிறுவர் கையில் விடுவது சிக்கனமாயிற்றேயன்றிக் கல்வியாகவில்லை. ஆகவே 1846இல், மாணவ ஆசிரியர் தலைமையாசிரியரிடம் ஐந்தாண்டு பயின்றுகொண்டே கற்பிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. கற்பிப்பவனுக்கும் வழிகாட்டி வேண்டும் என்பதே அது உணர்த்திய பாடம்.

1969இல் நம் நாட்டில் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. கல்லூரி மாணவர் ஊர்ப்புறம் சென்று எழுத்தறிவிக்கவும் அது வழி திறந்தது. 2014இல் வகுத்த விதிகளின்படி ஆசிரியப் பயிற்சிப் பட்டப் படிப்பில் இருபது வாரப் பள்ளிப் பயிற்சி இடம்பெற்றது.

இவற்றால் நாம் அறிவது யாது? கற்பிக்கும் மாணவன் பயன் பெறுகின்றான்; இதில் ஐயமில்லை. ஆயினும் குழந்தை அவனுடைய பயிற்சிக்குரிய கருவியன்று. அது பொருளுணர்ந்து படிக்கின்றதா, பள்ளி வாயிலை எட்டாத பிள்ளையையும் அப்பணி எட்டுகின்றதா என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்டால்தான் இத்தொண்டு கல்வியாகும்.